டிரம்ஸ் மைக்கில் தங்கிய குரல்

டெட்ராய்ட்
17 நவம்பர் 1968, ஞாயிறு

அன்புள்ள தம்பி க்ளியோனுக்கு,

அக்கா ஆர்டெல்லா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். கர்த்தருடைய தயவால் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். டொராண்டோ போய்ச் சேர்ந்த விவரம் எழுதியிருந்தாயே, அந்தக் கடிதம் போன வியாழக்கிழமை லோரெட்டா கையால் வந்தது. இனிமேலும் அவள் மூலமாகவே அனுப்பு. கனடாப் பக்கத்து வின்ட்ஸர் ஆஸ்பத்திரிக்கு அவள் தினமும் ஆற்றைத் தாண்டி வேலைக்குப் போய் வருகிறாள். என் கடிதத்தை அந்தக் கரையில் தபாலில் போடுவதும், உன் கடிதத்தை அங்கிருந்து எடுத்து வருவதும் தனக்கு ஒரு சிரமமே இல்லை என்கிறாள். நம் வீட்டுத் தபால் பெட்டியை நம்ப எனக்குத் தைரியம் இல்லை.

காரணம் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை காலை இரண்டு பேர் வந்தார்கள். அரசாங்க ஆட்கள் என்று அட்டையைக் காட்டினார்கள். நான் சலவைக்கூடத்து வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அப்பாதான் கதவைத் திறந்தார். ஒருவன் பேசினான், இன்னொருவன் நம் கூடத்துச் சுவரில் இருக்கும் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்டோபர் ஏழாம் தேதி க்ளியோன் மேப்ரி அரசாங்க உத்தரவுப்படி பட்டாளத்தில் சேர வந்திருக்க வேண்டும், வரவில்லை, அவன் எங்கே என்று கேட்டான். அப்பா கதவைவிட்டு நகரவில்லை. “இந்த வீட்ல எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. பையன்னு யாரும் இல்ல” என்றார். அவன் திரும்பவும் கேட்டான். அப்பா அதையே, அதே குரலில், திரும்பவும் சொன்னார். அவர்கள் போய்விட்டார்கள். அப்பா காலை உணவை முடித்தார், தட்டைக் கழுவினார், ஜெப அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

உன்னைக் காப்பாற்றச் சொன்னாரா, மனதார அப்படியே நினைத்துச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை, தம்பி. சாயங்காலம் கேட்டேன். “நான் பிரான்சுல பட்டாளத்து லாரி ஓட்டினேன். திரும்பி வந்தப்ப, அதே பட்டாளத்துச் சட்டையோட, ரயில்ல கறுப்பருக்குன்னு ஒதுக்குன பெட்டியில உக்கார வச்சாங்க. அப்படித்தான் நடத்துவாங்கன்னு தெரிஞ்சேதான் போனேன். இவனுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?” என்றார். எட்டு மணி நேரம் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை இஸ்திரி உருளைக்குள் தள்ளிவிட்டு வந்து வாதாடுவதற்கு என்னிடம் தெம்பு இல்லை.

இனி ரெக்கார்டு விஷயம். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதாமல் வேறு எதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ போகும்போது ஆறு பாட்டு முடிந்திருந்தது. கிடன்ஸ் ஒன்றரை மாதம் தன் ரெக்கார்டுக் கடையையும் ஸ்டுடியோவையும் மூடியே வைத்திருந்தார். போன சனிக்கிழமை மதியம் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். இளைத்துப் போயிருக்கிறார். சட்டைக் கழுத்து தொளதொளவென்று நிற்கிறது. இரண்டு ரேடியோ நிலையத்துக்காரர்களும், ரெக்கார்டைக் கடைகளுக்குக் கொண்டுபோகிற ஆளும் ஒன்றுபோலச் சொல்லிவிட்டார்களாம்: பட்டாளத்துக்குப் பயந்து ஓடிப்போனவன் பாடினது என்று தெரிந்தால் தொடமாட்டோம் என்று. “அவன் பேரு வேண்டாம், ஆர்டெல்லா. அவன் மூஞ்சி வேண்டாம். அவன் குரலும் வேண்டாம். அவன் பாடின இடத்துல நீ பாடு” என்றார். வெண்டல் டிரம்ஸ் குச்சிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டான். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசிக்கிறேன். உனக்கு எழுதாமல் எதுவும் முடிவு செய்யமாட்டேன்.

குளிர் வந்துவிட்டது. அங்கே இன்னும் அதிகம் என்று லோரெட்டா சொல்கிறாள். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அவளிடம் கொடுத்திருக்கிறேன். சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. கர்த்தர் உன்னைக் கண்ணின் மணிபோலக் காப்பாராக.

உன் பிரியமுள்ள அக்கா,
ஆர்டெல்லா


டெட்ராய்ட்
26 ஜனவரி 1969, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தருக்குள் வாழ்த்துகள். உன் கிறிஸ்துமஸ் கடிதம் வந்தது. உணவு விடுதியில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்ததும், வீட்டுக்காரி உன் அறைக்குக் கணப்பு வைத்துக் கொடுத்ததும் அறிந்து ஆறுதல். அந்த அம்மாளுக்கு என் நன்றியைச் சொல்.

இந்தக் கடிதத்தை மூன்று முறை ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். நாலாவது முறையாவது நேராகச் சொல்லிவிடுகிறேன். நான் பாடிவிட்டேன், க்ளியோன். நீ பாடின ஆறு பாட்டிலும் உன் குரலைத் துடைத்துவிட்டு என் குரலைப் போட்டார்கள். உனக்கு எழுதாமல் முடிவு செய்யமாட்டேன் என்று போன கடிதத்தில் எழுதியது என் கைதான். டிசம்பர் பன்னிரண்டாம் தேதி மத்தியானம் ஸ்டுடியோவுக்குப் போய் நின்றதும் என் கால்தான்.

காரணங்கள் சொல்லலாம். நான் பாடாவிட்டால் ரெக்கார்டே வராது என்று கிடன்ஸ் சொன்னார். நாலு வருஷம் நாம் எல்லோரும் உழைத்தது டேப்பில் கிடந்து மக்கிப் போகும். வெண்டலுக்கு மூன்று பிள்ளைகள். இதெல்லாம் உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. அம்மா இறந்ததிலிருந்து நான் உனக்குப் பின்னால் நின்று பாடி வருகிறேன். நீ ஒரு வரி பாடினால் அதன் வாலைப் பிடித்து நான் ஆஹா என்பேன். அப்போது உனக்குப் பதினைந்து வயது, எனக்கு இருபத்தேழு. எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். எனக்கும் ஒரு தடவை முன்னால் நிற்க ஆசை இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்படி ஒரு நாளில் அந்த ஆசை நிறைவேறும் என்று தெரிந்திருந்தால் ஆசைப்பட்டிருக்கமாட்டேன்.

ஐந்து பாட்டு முடிந்தது. ஆறாவதுதான் உன் “சாம்பல் தெரு”. பதினோரு நிமிடம். அறுபத்தேழு ஜூலைக் கலவரத்தில் பன்னிரண்டாவது தெரு எரிந்தபோது நீ மாடியிலிருந்து பார்த்து எழுதினாயே, அந்தப் பாட்டை உன் மூச்சில்லாமல் பாட முடியுமா என்று எனக்கே சந்தேகம். டேப் இயக்கும் லாஸ்கோ உன் குரல் இருந்த தடத்தை என் கண்முன்னால் துடைத்தார். பொத்தானை அழுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சிகரெட் பற்ற வைத்துக்கொண்டார். நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். பாஸ் வந்தது, டிரம்ஸ் வந்தது. நான் வாயைத் திறக்கும் முன்னால் நீ பாடினாய்.

பக்கத்து வீட்டில் யாரோ பாடுவது சுவர் வழியாக வருமே, அப்படி. மெலிதாக, தூரத்தில். ஆனால் நீதான். நான் ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்துவிட்டேன். லாஸ்கோ ஓடி வந்தார். அவருக்கும் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “அன்னிக்கு உன் தம்பி பாடறவங்களுக்குன்னு இருக்கிற கண்ணாடிக் கூண்டுக்குள்ள நின்னு பாடமாட்டேன், வேகுதுன்னு அடம் பிடிச்சான். வெண்டல் பக்கத்துலயே நின்னு பாடினான். டிரம்ஸுக்கு வச்ச மைக் அவனையும் சேத்துப் பிடிச்சிருச்சு” என்றார். அதைத் துடைக்க வேண்டுமென்றால் டிரம்ஸையும் சேர்த்துத் துடைக்க வேண்டுமாம்.

சரி, வெண்டல் மறுபடியும் வாசிக்கட்டும் என்றார் கிடன்ஸ். மறுநாள் வெண்டல் வலது மணிக்கட்டில் இவ்வளவு பெரிய கட்டோடு வந்தான். பனியில் வழுக்கி விழுந்துவிட்டானாம், ஆறு வாரம் குச்சியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னாராம். கிடன்ஸ் அவனை மேலும் கீழும் பார்த்தார். “எந்த டாக்டரு?” என்றார். “நம்ம சபை டாக்டருதான், சார். இப்ப ஊர்ல இல்ல” என்றான் வெண்டல். அன்றே சாயங்காலம் சபையில் விருந்து. அதே கையால் விலாக்கறியை எலும்பு எலும்பாகப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தான். நான் பார்த்ததை அவனும் பார்த்தான். “வலி கொஞ்சம் வுட்டு வுட்டு வருதுக்கா” என்றான். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தேன்.

வேறு டிரம்ஸ்காரனைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவன் தாளம் பாட்டோடு ஒட்டவே இல்லை. கடைசியில் கிடன்ஸ், அந்தக் குரல் யாருடையது என்று ஒருவரும் கண்டுபிடிக்க முடியாதபடி மூடிவிடு என்று லாஸ்கோவிடம் சொன்னார். லாஸ்கோ அதன்மேல் எதிரொலியைக் கொட்டினார். டேப்பைத் திருப்பி ஓட்டி இன்னொரு எதிரொலி சேர்த்தார். கிட்டாரை ஒரு பெட்டி வழியாக அனுப்பி, துணி கிழிகிற மாதிரி சத்தம் வரச் செய்தார். அப்படியும் நீ போகவில்லை. மூட மூட, நீ எங்கோ ஆழத்துக் கிணற்றிலிருந்து பாடுவது போல வேறு மாதிரி ஆகிக்கொண்டே போனாய். அதற்கு மேல், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, நான் பாடினேன். நீ எங்கே மூச்சு விடுகிறாயோ அங்கே நானும் விட்டேன். வேறு எப்படிப் பாடுவது என்று தெரியவில்லை.

இதுதான் நடந்தது. நீ கோபப்படுவாய். கோபப்படத்தான் வேண்டும். பாத்திரம் தேய்த்து உன் கை வெடித்திருந்தால் இரண்டு நாளுக்கு ஒரு முறை வாஸ்லின் தடவு. என் கையும் அப்படித்தான் இருக்கிறது.

அப்பா உன் பெயரைச் சொல்வதில்லை. உன் அறைக் கதவு திறந்தால் மூடிவிடுகிறார்.

தேவன் உன்னை நடத்துவாராக.

உன் அக்கா,
ஆர்டெல்லா


டெட்ராய்ட்
11 மே 1969, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

உன் அட்டை பிப்ரவரியிலேயே வந்தது. ஒரே ஒரு வரி. “என் குரலைத் துடைச்சிட்டு, அதே இடத்துல நின்னு பாடினியா, அக்கா?” ஆமாம். பாடினேன். அதற்கப்புறம் நான் எழுதிய இரண்டு சிறு கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை. நீ உயிரோடு இருப்பதை லோரெட்டா உன் வீட்டுக்காரிக்குப் போன் செய்து தெரிந்துகொண்டாள். அதுவே போதும் என்று நினைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இன்று அன்னையர் தினம். சபை முடிந்து அம்மாவின் கல்லறைக்குப் போய் வந்தோம். அப்பா புல்லைப் பிடுங்கினார், நான் பூ வைத்தேன்.

ரெக்கார்டு ஏப்ரல் முதல் வாரம் வந்துவிட்டது. பெயர் “ஊதா ஞாயிறு”. சிரிக்காதே, கிடன்ஸ் வைத்தது. அட்டைக்கு நாம் எல்லோரும் ஆற்றுத் தீவில் எடுத்துக்கொண்ட படம்தான். உன் முகம் இருந்த இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு சூரியனை வரைந்துவிட்டார்கள். அதனால்தான் அந்தப் பெயர். எனக்கு ஒரு பக்கத்தில் வெண்டல், இன்னொரு பக்கத்தில் சூரியன்.

விற்காது என்று நினைத்தேன். நம் ஆட்கள் அவ்வளவாக வாங்கவில்லைதான். நடனமாடத் தாளம் இல்லை என்றார்கள். ஆனால் எஃப்.எம். ரேடியோவில் ஒருவன் மத்தியானத்தில் “சாம்பல் தெரு” பதினோரு நிமிடத்தையும் நிறுத்தாமல் போட்டிருக்கிறான். அதிலிருந்து முடி வளர்த்த வெள்ளைக்காரக் கல்லூரிப் பிள்ளைகள் கிடன்ஸ் கடையில் வந்து நிற்கிறார்கள். இதற்குப் பெயர் ‘சைகடெலிக் சோல்’, மயக்கத்தில் மிதக்கிற மாதிரியான புதுவகைப் பாட்டாம். பத்திரிகையில் போட்டிருக்கிறது. பாட்டுக்கு அடியில் ஓடும் அந்த ஆவிக் குரலை எந்த இயந்திரத்தால் செய்தீர்கள் என்று ஒருவன் கேட்டான். “அது எங்க தொழில் ரகசியம், தம்பி” என்றார் கிடன்ஸ். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் பின்கட்டுக்குப் போய்விட்டார். மனிதர் கெட்டவர் இல்லை, க்ளியோன். பயந்துபோனவர். பயந்தவர் செய்கிற காரியத்தைச் செய்தார். நானும்தான்.

போன ஞாயிறு பிற்பகல் ஆன் ஆர்பரில், பல்கலைக்கழக மைதானத்தில் பாடினோம். எனக்கு ஊதா நிறத்தில் தரையில் புரளும் அங்கி. கழுத்தில் மணிகள். முப்பத்துநாலு வயதில், சலவைக்கூடத்து வெந்நீரில் ஊறிய கையை அங்கிக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன். “சாம்பல் தெரு” பாடும்போது என் பின்னால் ஒன்றும் இல்லை. வெறும் காற்று. நான் மூச்சு விடும் இடத்தில் யாரும் மூச்சு விடவில்லை. பாட்டு முடிந்ததும் கை தட்டினார்கள், ஆனால் முன் வரிசையில் இருந்த ஒரு பெண், “ரெக்கார்டுல வர்ற அந்த இன்னொரு குரல் எங்கே?” என்று கத்தினாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். வெண்டல் குனிந்து டிரம்ஸின் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தான். “இன்னிக்கு வர முடியல” என்றேன்.

களைப்பாக இருக்கிறது. முன்னால் நிற்பதென்றால் இவ்வளவுதானா என்று இருக்கிறது. நீ இதைப் பதினைந்து வயதிலிருந்து செய்திருக்கிறாய். ஒரு நாளும் நான் உன்னிடம் களைப்பா என்று கேட்டதில்லை.

ஒரு பிரதி லோரெட்டா மூலம் அனுப்புகிறேன். கேட்காவிட்டாலும் வைத்துக்கொள்.

அக்கா


டெட்ராய்ட்
21 ஜூன் 1969, சனி

அன்புள்ள தம்பி க்ளியோனுக்கு,

இதை உடனே படி. தள்ளி வைக்காதே. லோரெட்டா திங்கட்கிழமை அங்கே தபாலில் போட்டால் வியாழக்கிழமைக்குள் உனக்குக் கிடைத்துவிடும்.

போன சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். தெருவிலேயே பாட்டுச் சத்தம் கேட்டது. நம் வீட்டிலிருந்துதான். அப்பா சபைப் பாட்டைத் தவிர வேறொன்றையும் ஸ்டீரியோவில் போட்டுப் பார்த்ததில்லை. கதவைத் திறந்தால் “சாம்பல் தெரு” ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா நாற்காலியை இழுத்து இடது பக்கத்து ஸ்பீக்கருக்கு ஒட்டிப் போட்டுக்கொண்டு, தலையை அதன்மேல் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது காது இரும்பு வார்ப்பாலை வேலைச் சத்தத்திலேயே போய்விட்டது. இடது காதும் மந்தம்தான், பக்கத்தில் வந்தால்தான் கேட்கும்.

லாஸ்கோ பாட்டை இரண்டாகப் பிரித்திருக்கிறார், தம்பி. என் குரலும் கிட்டாரும் வலது ஸ்பீக்கரில். டிரம்ஸ் முழுக்க இடதில். எனக்கு அது தெரியவே தெரியாது. நாங்கள் எல்லோரும் நடுவில் நின்று கேட்கிறோம், எல்லாம் கலந்து வருகிறது. இடது ஸ்பீக்கரில் காதை வைத்தால் நான் இல்லை. டிரம்ஸ் இருக்கிறது, நீ இருக்கிறாய்.

நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் ஊசியை எடுத்து மறுபடியும் முதலிலிருந்து வைத்தார். ஊசி கிறீச்சென்றது. அப்புறம்தான் என்னைப் பார்த்தார். பிடிபட்டவர் மாதிரி ஒரு கணம் இருந்தார். அப்புறம், “இது அவன்தானே?” என்றார்.

ஆமாம் என்றேன்.

“எல்லாரும் ஆவி, ஆவின்னு பேசிக்கிறாங்க. சபையில டீக்கன் ஒருத்தரு அவரு பேரன் சொன்னான்னு சொன்னாரு. என்னடா அதுன்னு பாக்கப் போட்டேன். ஆவியாம். எம் பையன் பாடறான். நல்லாத் தெளிவாப் பாடறான்.” கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, “அவனுக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்கு பாத்தியா. அந்த மேல்வரியில கரகரங்குது. சளியோட ஏன் பாட வச்சீங்க?” என்றார்.

ஆகஸ்ட் மாத வெயிலில் உனக்குச் சளி பிடித்திருந்தது எனக்கே மறந்துபோயிருந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு மறந்துபோயிற்று. எட்டு மாதம் உன் பெயரையே எடுக்காத மனிதர், இத்தனை எதிரொலிக்கும் அடியில் அதைக் கண்டுபிடித்தார்.

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பாட்டின் சொற்களைக் கேட்டார், எல்லாம் தனக்குப் பிடிபடவில்லை, சொல்லு என்றார். நான் ஒவ்வொரு வரியாக அவர் காதருகே சொன்னேன். தெரு எரிந்தது, துப்பாக்கியோடு பட்டாளம் நம் தெருவில் இறங்கியது, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நான் யார் தெருவில் இறங்கட்டும் என்று நீ கேட்கும் இடம் வந்தது. அதைச் சொன்னபோது என்னை நிறுத்தச் சொன்னார். பாட்டையும் நிறுத்தினார். ரொம்ப நேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“இதை அவன் எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல” என்றார்.

சொன்னான் அப்பா, நீங்க எழுந்து போயிட்டீங்க என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. களைத்துப் போனால் பயம் விட்டுப்போகிறது. திட்டுவார் என்று நினைத்தேன். “ஆமா, போயிட்டேன்” என்றார். அவ்வளவுதான்.

சாப்பிடும்போது டொராண்டோ எவ்வளவு தூரம் என்று கேட்டார். காரில் நாலு மணி நேரம் என்றேன். திங்கட்கிழமை பழைய பிளிமத் காரை எடுத்துக்கொண்டு போய் முன் டயர் இரண்டையும் மாற்றிக்கொண்டு வந்தார். புதன்கிழமை, எல்லையில் காகிதம் ஏதாவது காட்ட வேண்டுமா என்றார். பிறந்த ஊர் கேட்பார்கள், எதற்காக வருகிறீர்கள் என்று கேட்பார்கள் என்றேன். “அலபாமான்னு சொல்றேன். பையனப் பாக்க வந்தேன்னு சொல்றேன். இதுல மறைக்க என்ன இருக்கு?” என்றார். அந்த இரண்டு பேர் பின்னாலேயே வந்தால் என்ன செய்வது என்றேன். வரட்டும், கனடாவில் அவர்கள் பாச்சா பலிக்காது என்று பேப்பரில் படித்தாராம். எப்போதிலிருந்து அந்தச் செய்தியெல்லாம் தேடிப் படிக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

நேற்று, 29ஆம் தேதி ஞாயிறு ஆராதனையில் டீக்கனாக ஊழியம் செய்யும் தன் முறையை வேறொரு டீக்கனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். பத்தொன்பது வருஷத்தில் அவர் ஒரு ஞாயிறும் தவறியதில்லை. அதனால் சனிக்கிழமை, 28ஆம் தேதி, வருகிறார் என்பது நிச்சயம். காலை ஆறு மணிக்குக் கிளம்புவார். என்னால் வர முடியாது. கிடன்ஸ் கிளீவ்லாந்தில் பாட ஒப்புக்கொண்டுவிட்டார். அந்த ஊதா அங்கியைப் போட்டுக்கொண்டு நான் நிற்க வேண்டும்.

உனக்குச் சில விஷயம் சொல்லி வைக்கிறேன். வழியில் தெரியாத இடத்தில் நிறுத்திச் சாப்பிடமாட்டார். தெற்கே பழகிய பழக்கம், இந்த வயதில் மாறாது. நான் சோள ரொட்டியும் பொரித்த கோழியும் கட்டிக் கொடுப்பேன். அதையும் உனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டு பட்டினியாகத்தான் வந்து சேருவார். வந்ததும் முதலில் சாப்பிட வை. பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. உன் அறை ஜன்னல் சரியாகச் சாத்தவில்லை என்பார், சுவரில் ஈரம் என்பார், சுத்தி இருக்கிறதா என்று கேட்பார். சுத்தியைக் கொடுத்துவிடு. மத்தியானமே திரும்ப வேண்டும் என்று எழுந்து நிற்பார். விடாதே. இருமல் அதிகமாகிவிட்டது, ஒரே நாளில் எட்டு மணி நேரம் ஓட்டும் உடம்பு இல்லை. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அதைப் பற்றி அவரே சொன்னால் கேட்டுக்கொள், நீயாகக் கேட்காதே.

க்ளியோன், எனக்காக உன்னிடம் நான் எதுவும் கேட்கக்கூடாது என்றுதான் இத்தனை மாதம் இருந்தேன். இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பா திரும்பும்போது அவர் கையில் எனக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தனுப்பு. நல்லதாக எழுத வேண்டாம். திட்டி எழுதினாலும் சரி. உன் கையெழுத்தாக இருந்தால் போதும்.

கர்த்தர் நீங்கள் இருவரும் இருக்கும் அந்த அறையை ஆசீர்வதிப்பாராக. உன்னை வளர்த்தவள் நான் என்பதை மறந்துவிட்டாலும், உன்னோடு பாடியவள் என்பதை மறக்காதே.

என்றும் உன் அக்கா,
ஆர்டெல்லா